பதிவேட்டில் இல்லாத ஊர்

லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ்த் திருச்சபையின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். ஞானஸ்நானச் சான்று எழுதிக் கொடுப்பது, ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு ஓலைகளைத் தயார் செய்வது, இறந்தவர்களின் பெயரை அடக்கப் பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. சபையில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டார் போதகருக்குச் சொல்லிவிட்டு நேராக என்னிடம்தான் வருவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முதலில் "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பேன். இப்போது அந்தக் கேள்வி மாறிவிட்டது. "பிள்ளைங்க எங்கெங்க இருக்காங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

அதற்குக் காரணம் எங்கள் சபையின் வழக்கம். பெட்டியை மூடும் முன் பெற்ற பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து நெற்றியில் முத்தமிட வேண்டும். மூத்தவர் முதலில், கடைக்குட்டி கடைசியில். இது எந்த ஒழுங்குப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, எந்தப் போதகரும் கட்டாயப்படுத்தியதில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை வழியில் இருக்கும்போது பெட்டியை மூடிய வீடு எங்கள் சபையில் இல்லை. அதனால் அடக்க நேரத்தை முடிவு செய்வது போதகரோ வீட்டாரோ அல்ல, கடைசியாக வந்து சேரும் விமானம்.

இந்த நேரத்தைக் கணக்குப் போடும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. இணையத்தில் இதற்கென்றே பக்கங்கள் இருக்கின்றன. இரண்டு ஊர்களின் பெயரை அடித்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று நொடியில் சொல்லிவிடும். முதல் தடவை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மெல்போர்னிலிருந்து ஒரு மகன் வரவேண்டியிருந்தது. பதினோரு மணி நேரம் என்று அந்தப் பக்கம் சொன்னதை நம்பி, மறுநாள் காலைக்கு அடக்கம் என்று அறிவித்துவிட்டேன். அவர் வந்து சேர இருபத்தாறு மணி நேரம் ஆனது. ஆலயத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு, கீர்த்தனைப் புத்தகத்தில் துக்கத்துக்கு என்று இருக்கும் பாட்டையெல்லாம் இரண்டு முறை பாடி முடித்தோம். மூன்றாம் முறை தொடங்கியபோது அந்த மகன் வாசலில் வந்து நின்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அந்தப் பக்கம் சொல்வது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். சாவுக்கு வருகிற மனிதன் நூல் பிடித்தாற்போல வருவதில்லை. டிக்கெட் கிடைக்க வேண்டும், விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும், நடுவில் ஏதோ ஓர் ஊரில் இறங்கி இன்னொரு விமானத்துக்காக நாற்காலியில் உட்கார்ந்து தனியாக அழ வேண்டும். இங்கே இறங்கிய பிறகு பாஸ்போர்ட் வரிசை, அதற்குப் பிறகு தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து ஹென்னூர் சாலை வழியாக லிங்கராஜபுரம் வர ஒரு மணி நேரம். மாலையானால் இன்னும் அரை மணி. இதையெல்லாம் கூட்டி, அடக்கப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்தி போட்டு எழுதி வைத்தேன். ஊர், இணையம் சொல்லும் நேரம், உண்மையில் ஆகும் நேரம். துபாய், தோஹா, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று வருடத்துக்கு வருடம் பட்டியல் நீண்டுகொண்டே போனது. துபாய்க்காரர்கள் சுலபம், மைசூரிலிருந்து வருவதுபோல வந்துவிடுவார்கள். அமெரிக்கா, கனடாதான் பாடாய்ப் படுத்தும்.

"ஏர்போர்ட்டுல பெட்டி படுக்கை வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லாதீங்க. கைப்பையோட ஓடி வரச் சொல்லுங்க" என்று வீட்டாருக்கு நானே யோசனை சொல்வேன். நான் குறித்துக் கொடுத்த நேரம் பெரும்பாலும் தப்பியதில்லை. பக்கத்துச் சபைகளிலிருந்துகூட போன் செய்து கேட்பார்கள். "அவர் சொன்னா கரெக்டா இருக்கும்" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. சாவு வீட்டுக் காரியத்தில் பெருமைப்படுவது அசிங்கம்தான், ஆனாலும் இருந்தது.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூத்தவர் அண்ணன், ஜிகினியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, அண்ணியோடு நகரத்துக்கு வெளியே ஆனேக்கலில் இருக்கிறார். நடுவில் நான். கடைசி தங்கை, கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக வான்கூவரில். அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு இருந்தார். அதில்தான் எனக்கும் அண்ணனுக்கும் முறிந்தது.

அப்பாவை அடக்கம் செய்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து, அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறேன் என்றார். தோட்டம் வைத்த வீடு, கூட்டம் இல்லாத தெரு, அம்மாவுக்கு நன்றாக இருக்கும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கையை வீடியோவில் கூப்பிட்டேன். அவளும் ஆஸ்பத்திரியும் கோயிலும் பக்கத்தில் இருக்கிற லிங்கராஜபுரமே நல்லது என்றாள். அப்போது நான் சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. "ஆனேக்கல் ரொம்ப தூரம்ணா. அவசரம்னா ரெண்டரை மணி நேரம் ஆகும். அவ்ளோ தூரத்துல வச்சுட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாது."

அண்ணன் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரையில் தங்கை இருந்தாள். "பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்ல இருக்கறவகிட்ட ரோசன கேக்கற. நாப்பது கிலோமீட்டர் ஒனக்கு தூரமாடா?" என்று கேட்டார். அம்மாவை ஒரு தடவை பார்த்தார். அம்மா காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அன்று மாலையே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவர் விலகியதைச் சொல்லும் அந்த ஒற்றை வரியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இவ்வளவு ரோஷமா என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதன் பிறகு நான்கு வருடம் நாங்கள் பேசவில்லை. ஆனால் அவர் அம்மாவைப் பார்க்காமல் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் மனைவியும் ஆராதனையில் இருக்கும் நேரம் பார்த்து வந்துவிட்டுப் போவார். நான் திரும்பி வரும்போது மேசையில் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழமும் ஆனேக்கல் பேக்கரியின் ரஸ்க் பாக்கெட்டும் இருக்கும். யார் கொண்டு வந்தது என்று நான் கேட்கமாட்டேன், அம்மாவும் சொல்லமாட்டார். அந்த ரஸ்க்கை நான் தினமும் டீயில் நனைத்துத் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசி வருடத்தில் படுக்கையோடு ஆன பிறகு ஒருநாள், நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "நான் போனா மூணு பேரும் முத்தம் குடுத்ததுக்கு அப்புறம் மூடுங்க. ஒருத்தரையும் விட்டுறாத. ஒனக்குத்தான் இந்த வேல தெரியும்." நான் சிரித்துக்கொண்டே, "கணக்கு போட்டு வச்சிருக்கேம்மா, கவலப்படாத" என்றேன். பொய் சொல்லவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்போதே வான்கூவரைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், இணையத்தின்படி பதினாலரை மணி நேரம், என் கணக்கில் முப்பத்துநான்கு. ஆனேக்கலை எழுதவில்லை. நாற்பது கிலோமீட்டருக்கு யாராவது கணக்குப் போடுவார்களா?

அம்மா ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். முதலில் தங்கையைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு சாயங்காலம். அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, டிக்கெட் பார்க்கச் சொன்னேன். செவ்வாய் மாலைக்குத்தான் கிடைத்தது, லண்டனில் மாறி வியாழக்கிழமை நண்பகலுக்கு இங்கே இறங்குவாள். எங்கள் வீடு இரண்டு அறை வீடு. அத்தனை நாள் வீட்டில் வைக்க இடமில்லாததால் அம்மாவை ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் வைத்தோம். வியாழன் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வருவது, நான்கு மணிக்கு அடக்கம் என்று முடிவு செய்தேன். ஒரு தாளில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை எழுதினேன். முதல் வரியில் அண்ணன்.

நான்கு வருடத்துக்குப் பிறகு அவருக்கு நானே போன் செய்தேன். "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றேன். "கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. தூக்கத்துலயே."

"பாக்க முடியுமா?"

"மார்ச்சுவரில வச்சிருக்கோம். வியாழக்கிழம ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரும். நாலு மணிக்கு அடக்கம்."

"சரி. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு, நாலு மணிக்கு அடக்கம்" என்று திருப்பிச் சொன்னார். தொழிற்சாலையில் ஷிப்ட் நேரம் குறித்துக்கொண்டவர்கள் அப்படித்தான் திருப்பிச் சொல்வார்கள். போனை வைத்ததும் அவர் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டேன். ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. வியாழக்கிழமை முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம், அம்மா முன்னால் சண்டை போடவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தங்கை லண்டனிலிருந்து கூப்பிட்டாள். "சின்னண்ணா, கௌண்டர்ல அழுதேன். அந்தப் பொண்ணு பாவம் பாத்து முன்னாடி ஃப்ளைட்டுல எடம் குடுத்துருச்சு. காலைல அஞ்சு மணிக்கே லேண்ட் ஆயிருவேன்" என்றாள். அவள் அழுத அழுகையைவிட அந்த ஐந்து மணிதான் எனக்குள் ஓடத் தொடங்கியது. ஐந்துக்கு இறங்கினால் ஏழுக்கு வீடு. எதற்கு நான்கு மணி வரை காத்திருக்க வேண்டும்? கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். அவர் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்: "சார், மத்தியானத்துக்கு மேல மழெ பந்த்ரே குழில தண்ணி நின்னுக்கும். நேத்தும் அப்டித்தான் ஆச்சு. பெளிக்கேயே முடிச்சிருங்க." அவ்வளவுதான், காலையிலேயே என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு ஒன்பது மணி, பெட்டி மூடுவது பத்தரை, ஆராதனை பதினொன்று.

பட்டியலை மறுபடி கையில் எடுத்தேன். போதகர், வேன், பெட்டிக் கடை, பாடகர் குழு, நாற்காலி, சாப்பாடு என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து நேரம் மாறியதைச் சொல்லி இரண்டாவது டிக் போட்டேன். சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று குடும்பக் குழுவில் ஒரே செய்தியாக அனுப்பினேன். நிமிடத்துக்குள் கும்பிட்ட கைகளும் ஆமென்களும் வரிசையாக வந்து விழுந்தன. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அண்ணன் அந்தக் குழுவில் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் விலகியதைப் பார்த்தவன் நான்தான். ஆனால் அன்று மாலை அது நினைவுக்கு வரவில்லை. அவர் பெயருக்கு எதிரே ஏற்கெனவே டிக் இருந்தது, கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. இதுதான் நடந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னிடமே சொல்லிக்கொள்ளும்போது மட்டும், நினைவு வராமல் போனதா, வரவிடாமல் வைத்தேனா என்று ஒரு சந்தேகம் வருகிறது. அதை இன்றுவரை தீர்த்துக்கொள்ள முடியவில்லை.

வியாழக்கிழமை எல்லாம் நான் குறித்தபடியே நடந்தது. ஐந்து பத்துக்கு விமானம் இறங்கியது, ஆறு ஐம்பதுக்குத் தங்கை வீட்டு வாசலில் இருந்தாள். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டரில் பத்து நிமிடத்துக்கு மேல் பிசகவில்லை. ஒன்பது மணிக்கு வேன் வந்தது. அம்மாவை நடு அறையில் வைத்தோம். ஷாமியானாவின் கீழே ஜனங்கள் நிறைந்துவிட்டார்கள். ஒன்பதே முக்கால் ஆகியும் அண்ணன் வரவில்லை.

என் மனைவிதான் முதலில் கேட்டாள். "பெரியவரு இன்னும் வரலயே. ஒரு போன் போடுங்க."

"சொல்லியாச்சு. திங்கக்கிழமையே சொல்லியாச்சு" என்றேன்.

பத்தரைக்குத் தங்கை வந்தாள். அவளுடைய கனடா போன் இங்கே வேலை செய்யவில்லை. "பெரியண்ணா எங்க? நீ கூப்புடு" என்றாள். அந்த நேரம் எனக்குள் கோபம்தான் வந்தது, வேறெதுவும் வரவில்லை. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து இவள் வந்துவிட்டாள், இதோ இங்கே இருக்கும் ஆனேக்கலிலிருந்து வர இவருக்கு என்ன? அம்மா செத்த பிறகுமா ரோஷம்? அதையே வாய்விட்டும் சொன்னேன். "நாலு வருஷ வீம்பு. வர்றதுன்னா வருவாரு. நான் கெஞ்சிக் கூப்புட மாட்டேன்." தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம் பாக்கலாம்ணா" என்றாள். சரி, பத்து நிமிடம் என்றேன்.

யாரோ ஒருவர் வீட்டு மகனுக்காக அடக்கத்தையே முப்பது மணி நேரம் தள்ளி வைத்தவன் நான். என் கூடப் பிறந்தவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தேன். அந்தப் பத்து நிமிடமும் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் ஒரு எண்ணை அழுத்தியிருந்தால் போதும், அழுத்தவில்லை. பத்து நாற்பதுக்குப் போதகரைப் பார்த்துத் தலையசைத்தேன். மூத்தவர் போக வேண்டிய முதல் இடத்தில் நான் போய்க் குனிந்து முத்தமிட்டேன். அடுத்துத் தங்கை. அவளை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பெட்டியை மூடினார்கள். ஆலயத்தில் பதினொரு மணிக்குச் சரியாக மணி அடித்தது.

கல்லறைத் தோட்டத்தில் பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்து, ஒரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினோம். மழை இன்னும் வரவில்லை. நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று அவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் அண்ணனும் அண்ணியும் வருவது தெரிந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கையில் வாழை இலையில் சுற்றிய ரோஜா மாலை. நடையில் அவசரமே இல்லை. நேரத்தோடு வந்துவிட்டவரின் நடை அது. மணி ஒன்றரை.

பக்கத்தில் வந்து ஷாமியானாவைப் பார்த்தார், காலி அறையைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கொண்டு வரலயா?"

அந்த நொடியில்தான் குழுவும், அவர் விலகிய வரியும், இரண்டாவது டிக் விழாத பெயரும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "முடிஞ்சிருச்சுண்ணா" என்றேன். "நேரம் மாத்துனோம். பதினொரு மணிக்கு மாத்துனோம். குரூப்புல போட்டேன்."

"ரெண்டு மணிக்கு வீட்டுக்கு, நாலு மணிக்கு அடக்கம்னு சொன்னியேடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று சரி பார்ப்பதைப் போலச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "சில்க் போர்டு டிராஃபிக்குல நின்னுருவோம்னு பயந்து பத்தரைக்கே பஸ் ஏறிட்டோம்" என்று அண்ணி அழுதுகொண்டே சொன்னார். அவர்கள் ஆனேக்கலில் பஸ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தங்கை ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். நான் கூடப் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

தங்கை பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். போகும்போது, "நீயா போய்ப் பேசு. போன்ல பேசாத" என்று மட்டும் சொன்னாள். எனக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. அதற்குள் சபையில் இரண்டு சாவு விழுந்தது. வழக்கம்போல வந்து நேரம் கேட்டார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. "டிக்கெட்டு எடுத்தப்புறம் அவங்களையே கேட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆனேக்கலுக்குக் கிளம்பினேன். லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகர், அங்கிருந்து மார்க்கெட், மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ். பழக்க தோஷத்தில் ஏறிய நேரத்தை டிக்கெட்டின் பின்னால் குறிக்கப் போய், பேனாவை மறுபடி பையில் வைத்தேன். சில்க் போர்டில் முக்கால் மணி நேரம் நின்றது. பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரத்தில் திரும்பி ஆனேக்கல். நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் விட்டுப்போனது. என்னைவிட ஆறு வயது மூத்தவர் நான்கு வருடமாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இந்த வழியில் வந்து, நான் கோயிலிலிருந்து திரும்பும் முன் இதே வழியில் போயிருக்கிறார். அம்மாவோடு உட்கார அவருக்கு அதிகம் போனால் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும்.

அவர் வீடு எனக்குத் தெரியாது. பேக்கரியில் விசாரித்துத்தான் போனேன். அண்ணன் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து மிக்ஸி ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "பஸ்லயா வந்த?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். அண்ணி இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்திருந்தேன். "அண்ணா, வேணும்னு பண்ணல" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அத விடு. ஒன்னு கேக்கறேன், அத மட்டும் சொல்லு. கடைசில அம்மா மொகம் எப்டி இருந்துச்சு?"

"தங்கச்சி போட்டோ அனுப்பிச்சாளே" என்றேன்.

"அனுப்பிச்சா. தொறக்கல. போட்டோவுல பாக்கறதுக்கா நான் அன்னிக்கு வந்தேன்? நீ பக்கத்துல நின்னவன். நீ சொல்லு."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெட்டியின் உள்ளே தைத்திருந்த வெள்ளைச் சரிகை நினைவுக்கு வந்தது. உதட்டில் பட்ட நெற்றியின் சில்லிப்பு வந்தது. போனின் திரையில் பத்து நாற்பது என்று இருந்தது பளிச்சென்று வந்தது. முகம் வரவில்லை. கண் முழுதும் மூடியிருந்ததா, வாய் எப்படி இருந்தது, தலையை எந்தப் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள், எதுவும் வரவில்லை. அதற்கு முந்தைய வருடங்களின் முகம்தான் ஒவ்வொன்றாக வந்தது. அவர் கேட்டது அதை அல்ல.

"ஞாபகம் இல்லண்ணா" என்றேன். "நான் மணியப் பாத்துட்டு இருந்தேன்."

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து அதுவரை நான் அழுதிருக்கவில்லை. "அப்போ நீயும் பாக்கல" என்றார் அண்ணன். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தங்கை அனுப்பிய படத்தைத் திறந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார்.

படத்தில் பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தார். பெட்டியை ஒட்டி, தலைமாட்டில், நான் நின்றுகொண்டிருந்தேன். குனிந்த தலை, கையில் போன். அண்ணன் அதையும் பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நான் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியே போய்விட்டேன். அம்மாவின் முகம் மட்டும் திரை முழுவதும் வந்து நின்றது. கண்கள் மூடியிருந்தன, தலை கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அண்ணன் குனிந்து அந்த நெற்றியில் முத்தமிட்டார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார். மூத்தவருக்கு அடுத்து நான்தான்.